ஞாயிற்றுக்கிழமை வெந்நீர்

மைசூரு
28 அக்டோபர் 2009

ஷாந்தலா,

உறையின் மேல் இருப்பது என் கையெழுத்து அல்ல. எதிர்வீட்டு நஞ்சப்பாவைக் கொண்டு முகவரியை எழுத வைத்தேன். என் எழுத்தைப் பார்த்தால் நீ பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவாய் என்று பயம். ஏமாற்று வேலைதான். முப்பது வருடம் கழித்து எழுதும் கடிதத்தை இப்படித் தொடங்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. முகவரியை நம்மோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த தையல் டீச்சர் ருக்மிணிபாயிடம் கெஞ்சி வாங்கினேன்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருடம். மகன் புனேயில் இருக்கிறான். இதையெல்லாம் நீ கேட்கவில்லை, விஷயத்துக்கு வருகிறேன்.

நஞ்சப்பாவின் மகள் மமதா பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்த பதினோராம் நாள் தலைக்கு ஊற்றினார்கள். பிள்ளை பெற்றவளுக்கு நம் பக்கத்தில் எப்படி ஊற்றுவார்கள் என்று உனக்குத் தெரியும், ஊற்றுகிறவளின் கையே சிவந்துபோகும். பத்துப் பன்னிரண்டு சொம்பு ஆனதும் மமதா ஒரு மாதிரியாகச் சிரித்துக்கொண்டு, "இன்னும் ஊத்து, இன்னும் ஊத்து" என்றாளாம். அப்புறம் ஒரு அலறல். நான் ஓடியபோது குளியலறைத் தரையில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன்.

அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். பட்டினி கிடந்தாளா, பயந்தாளா, அமாவாசையா என்று ஒன்றும் கேட்கவில்லை. முதல் கேள்வியே இதுதான்: "தலைக்கு ஊத்தினீங்களா? தண்ணி எவ்வளவு சூடு?"

"பிள்ளை பெத்தவளுக்கு ஊத்துற சூடுதான் சார்" என்றாள் மமதாவின் அம்மா.

"நம்ம பக்கத்துல இது நிறைய உண்டும்மா. கொதிக்கக் கொதிக்கத் தலையில ஊத்தினா சிலபேருக்கு வலிப்பு வரும். மாத்திரை தர்றேன். இனிமே வெதுவெதுன்னு, மெதுவா ஊத்துங்க."

மமதா இப்போது நன்றாக இருக்கிறாள். நான்தான் அன்று ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்து எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

நாகமங்களாவில் நாம் ஒரே வீட்டில் இருந்தபோது நான் எழுதிவந்த நோட்டு உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு வலிப்பு வந்த தேதி, கிழமை, திதி, சாப்பிட்டது, தூங்கிய நேரம், பள்ளிக்கூடத்தில் யாராவது திட்டினார்களா என்று ஏழு கட்டம் போட்டிருந்தேன். பாதிக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரம்மா சென்னம்மா, "ஞாயித்துக்கிழமையா பாத்து வருதுன்னா சூரிய தோஷம் டீச்சரே" என்றாள். நான் சிரித்தேன், நான் படித்தவள் இல்லையா? மழைக்காலத்தில் குறைவதைப் பார்த்து உடம்புச் சூடுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். விறகு நனைந்து தண்ணீர் சரியாகக் காயாததுதான் காரணம் என்று தோன்றவே இல்லை.

உடம்புச் சூட்டுக்கு நம் வீடுகளில் என்ன செய்வோம்? விளக்கெண்ணெய் வைத்துத் தலைக்கு ஊற்றுவோம். உனக்கு வாரம் ஒரு முறை இருந்ததை நான் இரண்டாக்கினேன். கருவேல விறகு வைத்து அண்டாவைக் கொதிக்கவிட்டு, மூச்சு விடாமல் ஊற்றினேன். நீயும் அதே சிரிப்போடு, "இன்னும் ஊத்து வேணி" என்பாய்.

என் வகுப்பில் மகதேவி என்று ஒரு பெண். ஒரு கணக்கைப் பத்துத் தடவை சரிபார்ப்பாள், வழி அத்தனையும் சரியாக இருக்கும், விடை தப்பாக வரும். பலகையிலிருந்து கேள்வியையே தப்பாக எழுதியிருப்பாள். நான் அவளைத் திட்டியிருக்கிறேன். என் நோட்டில் எட்டாவதாகக் குளியல் என்று ஒரு கட்டம் இல்லையே, ஷாந்தலா. எல்லாரும் குளிக்கிறோம், அதை யார் எழுதுவார்கள்?

உனக்குத் தெரியவேண்டும் என்று எழுதினேன். மன்னிப்புக் கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

நாகவேணி


சிவமொக்கா
19 நவம்பர் 2009

வேணி,

உன் ஏமாற்று பலித்தது. மின்சார ஆபீசிலிருந்து வந்ததாக்கும் என்று பிரித்தேன்.

வெந்நீர் விஷயம் எனக்குத் தெரியும், எண்பத்தாறாம் வருடத்திலிருந்து. பெங்களூரில் ஒரு பெரிய டாக்டர் சொன்னார். "யாரும்மா உங்களுக்கு ஊத்துவாங்க?" என்று கேட்டார். "நானேதான் சார் ஊத்திக்குவேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. அந்த ஆளுக்கு உன் பெயர் எதற்கு?

உனக்கு எழுதித் தெரிவிக்கலாமா என்று அப்போது யோசித்தேன். எழுதினால் நீ பதினைந்து பக்கம் அழுவாய் என்று விட்டுவிட்டேன். இப்போது நான்கு பக்கத்தோடு நிறுத்தியிருக்கிறாய், வயசு நல்லது செய்திருக்கிறது.

ஆக, தண்ணீருக்காக உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்ததும் இல்லை. கோபம் வேறு இடத்தில். அதை நீ நான்கு பக்கத்திலும் சுற்றிச் சுற்றிப் போய்த் தொடாமலே விட்டிருக்கிறாய். எழுபத்தொன்பது தீபாவளிக்குப் பிறகு என் அண்ணாவுக்கு நீ ஒரு கடிதம் எழுதினாய். "எனக்குப் பயமாக இருக்கிறது, இனி என்னால் பார்த்துக்கொள்ள முடியாது, அழைத்துப் போய்விடுங்கள்." அதை அவர் கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்துப் படித்தார். அண்ணி இருந்தாள், தரகர் இருந்தார். "பாரு, உன் உயிர்த்தோழியே எழுதியிருக்கா" என்றார். அதோடு வேலை போயிற்று, வரனும் போயிற்று. வரன் போனது பெரிய நஷ்டமில்லை, அந்த மனுஷனுக்குக் கழுத்தே கிடையாது. ஆனால் உனக்குப் பயம் என்றால் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த என்னிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

மூன்று வருடம் அண்ணா வீட்டில் விருந்தாளி வரும்போதெல்லாம் பின் அறையில் இருந்தேன். அப்புறம் இங்கே ஒரு வாசகசாலையில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலை, இருபத்தைந்து வருடம். பெஞ்சுக்கும் அலமாரிக்கும் நடுவில் எத்தனையோ முறை விழுந்திருக்கிறேன். பேப்பர் படிக்க வருகிறவர்கள் பழகிவிட்டார்கள், காலை மடக்கி வழி விடுவார்கள்.

தண்ணீரை ஆறவைத்தால் போதும் என்றுதான் முதலில் இருந்தது. பிற்பாடு தண்ணீர் இல்லாமலும் வர ஆரம்பித்தது. செப்டம்பரில் சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வந்தது நிற்கவே இல்லையாம். மூன்று நாள் ஆஸ்பத்திரி. அதிலிருந்து அண்ணா மகன் பிரபு பிடிவாதமாக இருக்கிறான். ஹூப்ளியில் அவன் வீட்டுப் பக்கம் ஒரு முதியோர் விடுதியில் இடம் பிடித்திருக்கிறான். சங்கராந்தி கழிந்ததும் அழைத்துப்போகிறானாம். போய்ப் பார்த்தேன். ஒன்பது மணிக்கு எல்லாரும் படுத்துவிட வேண்டும். புத்தகத்துக்கு ஒரு தகரப் பெட்டி தருவார்களாம். அவன் நல்ல பையன், பயப்படுகிறான். என்னைச் சுற்றி இருக்கிறவர்கள் எல்லாரும் பயந்து பயந்துதான் என்னை ஒவ்வொரு இடமாக நகர்த்தியிருக்கிறார்கள்.

எனக்கு இந்த இரண்டு அறை போதும். இங்கேயே இருக்க வேண்டும். கூட ஒரு ஆள் இருந்தால் விடுகிறேன் என்கிறான். வேலைக்கு வந்த இரண்டு பெண்களும் ஒரு முறை பார்த்ததுமே ஓடிவிட்டார்கள்.

ஷாந்தலா


மைசூரு
30 நவம்பர் 2009

ஷாந்தலா,

ஆமாம், சுற்றிச் சுற்றிப் போனேன். வெந்நீர் தெரியாமல் செய்தது, எழுத முடிந்தது. கடிதம் தெரிந்தே செய்தது.

அன்று நடந்ததை ஒரு முறை நேராகச் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு முந்தின நாள், தண்ணீர் நிரப்பும் பண்டிகையன்று, அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்து, கழுத்தில் பூவும் மஞ்சள் கொத்தும் கட்டினோம். நீ அண்டாவுக்குக் கண்மை வைத்து, "நம்ம ஹெட்மாஸ்டர் மாதிரியே இருக்குல்ல?" என்றாய். மறுநாள் விடிகாலையில் எண்ணெய் வைத்து ஊற்றினேன். வலிப்பு வந்தது. வழக்கம்போல நின்றுவிடும் என்று இருந்தேன். நின்று, நீ கண் விழிக்காமலே மறுபடி வந்தது. மறுபடியும். உன் கை அடுப்பு வாயில் போய்ப் பட்டது. இழுத்தேன், எண்ணெய்க் கை வழுக்கியது. உதடு நீலமாகிவிட்டது. சென்னம்மா, "போயிடுச்சு டீச்சரே, விடுங்க" என்றாள். நான் விட்டுவிட்டேன், ஷாந்தலா. தெருவுக்கு ஓடிப்போய் நின்றுகொண்டு காதைப் பொத்திக்கொண்டேன். உன்னை ஜீப்பில் ஏற்றியது பால்காரர், நான் இல்லை. இதை இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "நீ இல்லேன்னா நான் அவ்வளவுதான்டீ" என்றாய். அந்த நன்றியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் பொறுத்து உன் அண்ணாவுக்கு எழுதினேன். "எனக்குப் பயம்" என்பதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல அதைவிடப் பெரிய தைரியம் வேண்டியிருந்தது.

நாகமங்களாவில் நாம் இருந்த மூன்று வருடத்தை நினைக்காத வாரம் இல்லை. நம் இருவருக்கும் ஒரே குடை. நீ உயரம் என்பதால் நீதான் பிடிப்பாய், என் இடது தோள் மட்டும் நனையும். மாத முதல் சனிக்கிழமை டாக்கீஸில் படம், நீ வில்லனுக்காக அழுவாய். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு தனி வாசனை: விறகுப் புகை, சீயக்காய், அவரைக்கொட்டை போட்ட உப்புமா. தலையைத் துவட்டாமல் வாசற்படியில் உட்கார்ந்து இருவரும் பரீட்சைத் தாள் திருத்துவோம். நீ ஒரு பையனின் விடையை உரக்கப் படிப்பாய்: "அக்பர் மிகவும் நல்லவர், ஏனெனில் அவர் இறந்துவிட்டார்."

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைகளை எந்தப் பக்கம் எடுத்தாலும் என் கையில் சொம்பு இருக்கிறது. அதுதான் பெரிய வேதனை. அவற்றை இனி நான் வைத்துக்கொள்ளலாமா கூடாதா?

கூட ஒரு ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தாய். நான் வருகிறேன். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மமதாவுக்கு வந்தபோதும் பயந்தேன். ஆனால் ஆட்டோவில் ஏறினேன்.

நாகவேணி


சிவமொக்கா
14 டிசம்பர் 2009

வேணி,

உன் கடிதத்தை மூன்று நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். நீ தெருவில் நின்றாய் என்று எனக்குத் தெரியாது. எனக்கு எப்படித் தெரியும், நான் அங்கே இல்லையே. கோபப்பட்டுப் பார்த்தேன். இரண்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல் கோபம் நிற்கவில்லை. இருபத்தொன்பது வயசுப் பெண், முன்னால் கிடப்பது பிணம் என்று நினைத்தால் ஓடத்தான் செய்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நீ வைத்துக்கொள். நானும் வைத்திருக்கிறேன். அந்தச் சுகம் இருக்கிறதே, தலையில் தண்ணீர் விழ விழ இன்னும் வேண்டும் என்று இருக்குமே, அதுவும் நோயின் பங்குதான் என்றார் டாக்டர். இருக்கட்டும். உப்புமா நோய் இல்லையே.

பிரபு போன ஞாயிறு வந்தான். சொன்னேன்.

"ரெண்டு பேருக்கும் சேத்து நூத்திப் பதினாறு வயசு. நீங்க வலிப்பைப் பாத்துக்குவீங்களா அத்தை?"

"ஒருத்தி விழுவா, ஒருத்தி மணி பாப்பா. இதுக்கு எத்தனை வயசுடா வேணும்?"

"அந்த டீச்சரம்மாதானே அப்பாவுக்கு லெட்டர் போட்டாங்க?"

"அவதான். எழுத்து நல்லா இருக்கும்."

சிரித்துவிட்டான். கடைசியில், சங்கராந்தி வரை பார்ப்பதாக ஒப்புக்கொண்டான். ஆனால் ஒரு நிபந்தனை: ஒரு முறை வந்தாலும் நீ அன்றைக்கே அவனுக்கு போன் செய்து ஒன்று விடாமல் சொல்ல வேண்டுமாம். அந்தக் கணக்கில்தான் அவன் முடிவு செய்வானாம். எல்லாரும் என்னைப் பற்றி இன்னொருவரிடம்தான் கேட்கிறார்கள்.

என் நிபந்தனையையும் கேட்டுக்கொள். கையில் சாவி கொடுக்காதே, மூக்கில் செருப்பு காட்டாதே, வெங்காயம் சமையலுக்கு மட்டும். பிடித்து அமுக்காதே. வாயில் எதையும் வைக்காதே. ஒருக்களித்துப் படுக்கவைத்து மணி பார். ஐந்து நிமிடம் தாண்டினால் அலமாரி முதல் தட்டில் மூக்கில் அடிக்கும் மருந்து இருக்கிறது, அடித்துவிட்டு ஆம்புலன்ஸ் வண்டிக்குச் சொல். தாண்டாவிட்டால் தூங்க விடு.

பயந்தால் என்னிடம் சொல். வேறு யாரிடமும் வேண்டாம்.

ஷாந்தலா

குளிக்க நானே ஊற்றிக்கொள்வேன். நீ அடுப்புப் பக்கமே வராதே.


மைசூரு
26 டிசம்பர் 2009

ஷாந்தலா,

வியாழக்கிழமை காலை பஸ், மத்தியானம் இரண்டு மணிக்குள் வந்துவிடுவேன். அவரைக்காய் நல்ல விளைச்சல், நஞ்சப்பா தோட்டத்திலிருந்து ஐந்து கிலோ கட்டிக் கொடுத்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் எனக்காக நிற்காதே, நானே ஆட்டோ பிடித்துக்கொள்வேன். எனக்கு இப்போது தலை முழுக்க நரை, கொஞ்சம் பருத்தும் போயிருக்கிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன், கதவைத் திறந்ததும் சிரிக்காதே.

வேணி


சிவமொக்கா, உன் வீட்டு முன் அறை
9 ஜனவரி 2010, சனி, மதியம்

ஷாந்தலா,

நீ தூங்குகிறாய். மூச்சு நிதானமாக இருக்கிறது, இரண்டு முறை வந்து பார்த்தேன். எழுந்ததும் என்ன நடந்தது என்று கேட்பாய். வாயால் சொன்னால் நான் எல்லாவற்றையும் சின்னதாக்கிச் சொல்வேன், என் சுபாவம் அப்படி. அதனால் எழுதி வைக்கிறேன். நீ இல்லாத நேரம் இது, உனக்குச் சேர வேண்டியது.

பத்து மணி இருபத்திரண்டு நிமிடம். அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தோம். நான் பாதி கொட்டையைத் தரையில் தெறிக்கவிடுகிறேன் என்று திட்டிக்கொண்டிருந்தாய். "நீ டீச்சரா இருந்தியா இல்ல" என்றாய், அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. பார்வை ஜன்னல் பக்கம் திரும்பிற்று. ஒரு சத்தம், அது உன் குரல் மாதிரி இல்லை. அப்படியே சாய்ந்தாய். கிண்ணம் கவிழ்ந்தது. அருவாமனையைக் காலால் தள்ளிவிட்டு, உன் தலைக்குக் கீழே என் பழைய சேலையை வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். உன் கண்ணாடியைக் கழற்றினேன், ஒரு பக்கக் கம்பி வளைந்துவிட்டது.

இரண்டாம் நிமிடம் பக்கத்து வீட்டு கரிபசப்பா சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். "கையில குடுங்க டீச்சரே, நின்னுரும்." "வேண்டாம், உங்க வீட்டைப் பூட்ட வெச்சுக்குங்க" என்றேன். கோபித்துக்கொண்டு போயிருக்கிறார், நீதான் சமாதானம் செய்ய வேண்டும்.

மூன்றாம் நிமிடம் உதடு நிறம் மாறியது. பயந்தேன். எழுந்து வாசற்படி வரை போனேன், ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. கையில் கடிகாரம் இருந்தது, மூன்று நிமிடம் இருபது வினாடி என்று காட்டிற்று. திரும்பி வந்து உட்கார்ந்தேன். பேச வேறு ஒன்றும் தோன்றாமல் உன் அக்பர் பையனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். நான்கு நிமிடம் பத்து வினாடியில் நின்றது. மருந்து தேவைப்படவில்லை. நீ நாக்கைக் கடித்திருக்கிறாய், வலது ஓரம், காரம் வேண்டாம். புடவை நனைந்திருந்தது, மாற்றிவிட்டேன். கண் திறந்து என்னை "ருக்மிணிபாய்" என்று கூப்பிட்டாய். அதை நான் சுலபத்தில் மன்னிக்கப்போவதில்லை.

வாசற்படி வரை போனதை நீ பார்க்கவில்லை, கரிபசப்பாவும் பார்க்கவில்லை. உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்றாய், சொல்லிவிட்டேன். இனியும் ஒரு நாள் படி வரை போவேனோ என்னவோ. போனால் எழுதுகிறேன்.

பதினொன்றரைக்குப் பிரபு போன் செய்தான். கரிபசப்பா அதற்குள் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

"என்ன ஆச்சு டீச்சரம்மா? எவ்வளவு நேரம்? கீழ விழுந்தாங்களா? நீங்க அன்னிக்கே சொல்றேன்னீங்களே."

"உங்க அத்தை நல்லா இருக்காங்க, தூங்கறாங்க. ஆபத்துன்னா உங்களுக்கு முன்னாடி வண்டிக்குச் சொல்லியிருப்பேன்."

"அது சரி, நடந்ததைச் சொல்லுங்க. நான் முடிவு பண்ணணும்."

"நடந்தது அவங்களுக்கு, பிரபு. அவங்ககிட்ட கேளுங்க."

பையன் கத்துவான் என்று நினைத்தேன். "அத்தைக்கு எப்படிங்க தெரியும், அவங்கதான் நினைவில்லாம கிடந்தாங்களே?" என்றான்.

"நான் எழுதித் தர்றேன்" என்றேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி கூப்பிடுகிறானாம். போனை உன் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். இந்தக் காகிதத்தை அதன் அடியில் வைக்கிறேன். இதில் எவ்வளவு அவனுக்குச் சொல்வாய், எதை விடுவாய் என்பது உன் பாடு.

நான் இங்கேதான் இருக்கிறேன், கொட்டை பொறுக்கிக்கொண்டு. ஆறு மணிக்கு மணி அடித்தால் எடுக்கமாட்டேன்.

வேணி